பைக் ஆயில் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி: 41 பிபிஎம் இரும்பைப் பார்த்துப் பயந்தவன் எழுதும் வழிகாட்டி

என் பைக் 350 சிசி, ஒற்றை சிலிண்டர், ஏர் கூல்டு. கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் தினமும் போய் வருவதில் மாதம் 1,800 கிலோமீட்டர் ஓடிவிடும். ஆயிலை வழக்கம்போல 3,000-ல் மாற்றுவதா, மேனுவலில் உள்ளபடி 5,000 வரை விடலாமா என்று எனக்குச் சந்தேகம். லேபில் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கிளம்பினேன்.

ரிப்போர்ட் வந்தது. இரண்டு பக்கம், முழுக்க எண்கள். விளக்கமாக ஒரு வரி இல்லை. இரும்பு 41 பிபிஎம் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), சிலிக்கான் 29 என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காட்டிய மெக்கானிக் "போர், பிஸ்டன் மாத்திடலாம், பதினோராயிரம் ஆகும்" என்றார் (போர் என்றால் பிஸ்டன் ஓடும் சிலிண்டர்). கடைசியில் கோளாறு இருந்தது ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியை இடைவெளியின்றி அடைக்கும் ரப்பர் பீடிங்கில். விலை 60 ரூபாய். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

1. இந்தச் செலவு உங்களுக்குத் தேவையா?

100, 125 சிசி வண்டிக்கு ஒரு லிட்டர் ஆயில்தான் பிடிக்கும். அதை மாற்றும் செலவு டெஸ்ட் செலவில் ஒரு சிறு பங்குதான். பேசாமல் ஆயிலை மாற்றிவிட்டுப் போய்விடலாம்.

விலை கூடிய சிந்தெடிக் ஆயில் ஊற்றுபவர், நீண்ட தூரம் ஓட்டுபவர், பழைய வண்டி வாங்கி என்ஜின் நிலையை அறிய நினைப்பவர், என்ஜினில் புதுச் சத்தம் கேட்டுக் குழம்புபவர் ஆகியோருக்குத்தான் இது உதவும். புது வண்டியின் முதல் ஆயிலை டெஸ்டுக்கு அனுப்பாதீர்கள். பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து படியும் காலம் அது. இரும்பு, அலுமினியம், செம்பு, சிலிக்கான் எல்லாமே எகிறித்தான் இருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கும் டெஸ்ட் வேண்டாம். ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை வடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

2. லேப் தேடி, கொட்டேஷன் வாங்குங்கள்

என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப்களை அந்த அமைப்பின் இணையதளத்திலேயே ஊர் வாரியாகத் தேடலாம். ஆனால் அங்கீகாரம் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்த டெஸ்டுக்கு அங்கீகாரம் என்று அதே இடத்தில் ஒரு பட்டியல் இருக்கும். குடிதண்ணீர் டெஸ்டுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற லேபும் "ஆயிலா? செய்து தருகிறோம்" என்று சொல்லும். லூப்ரிகன்ட் என்ற சொல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்க வேண்டியவை நான்கு: தேய்மான உலோகங்களும் சேர்மானத் தனிமங்களும் (கம்பெனி ஆயிலில் சேர்த்தே தருபவை) ஒரே சோதனையில், 100 டிகிரியில் விஸ்காசிட்டி (ஆயிலின் கெட்டித்தன்மை), ஃபிளாஷ் பாயின்ட் (ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை), டிபிஎன் (அமிலத்தைச் சமாளிக்கும் சக்தி). "விஸ்காசிட்டி" என்று மட்டும் சொன்னால் சில லேப்கள் 40 டிகிரியில் மட்டும் பார்த்துக் கொடுத்துவிடும். ஹைட்ராலிக் ஆயிலுக்கு அது சரி, நமக்கு உதவாது. 100 டிகிரி என்று எழுதியே கேளுங்கள்.

எனக்கு வந்த கொட்டேஷன்: தனிமங்கள் 1,800, விஸ்காசிட்டி 500, ஃபிளாஷ் பாயின்ட் 600, டிபிஎன் 900. மொத்தம் 3,800, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 4,484 ரூபாய். போனில் பேசும்போது ஜிஎஸ்டியைச் சொல்ல மாட்டார்கள், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதோடு, பயன்படுத்தாத புது ஆயிலையும் ஒருமுறை டெஸ்ட் செய்ய வேண்டும். ஒப்பிட ஏதாவது வேண்டுமே. இங்கே கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். புது ஆயிலின் விஸ்காசிட்டி, ஃபிளாஷ் பாயின்ட், டிபிஎன் மூன்றும் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் டேட்டா ஷீட்டிலேயே இருக்கும். அதனால் தனிமங்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும். எனக்கு 2,124 ரூபாய் ஆனது. ஒரே ஆயிலைத் தொடர்ந்து ஊற்றும்வரை இதைத் திரும்பச் செய்யத் தேவையில்லை.

3. விவரச் சீட்டை முழுசாக நிரப்புங்கள்

லேப் ஒரு படிவம் தரும். தராவிட்டாலும் நீங்களே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: வண்டி மாடல், தயாரான ஆண்டு, மொத்தம் ஓடிய கிலோமீட்டர், இந்த ஆயிலில் ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் பெயரும் கிரேடும், நடுவில் எவ்வளவு டாப் அப் செய்தீர்கள், ஃபில்டர் மாற்றினீர்களா, மாதிரி எடுத்த தேதி.

இன்னொன்றும் உண்டு, அதை எந்தப் படிவமும் கேட்காது: சமீபத்தில் என்ஜினைத் திறந்தீர்களா? சைடு கவருக்கு கேஸ்கெட் பேஸ்ட் போட்டார்களா? கிளட்ச் பிளேட் மாற்றினீர்களா? லேபுக்கு இது தேவைப்படாது. ரிப்போர்ட்டைப் படிக்கும் உங்களுக்குத்தான் தேவைப்படும். இரண்டு மாதம் கழித்து நிச்சயம் மறந்திருக்கும். தேதியோடு எழுதி வையுங்கள்.

டாப் அப் அளவு ஏன் முக்கியம் என்றால், நம் வண்டியில் மொத்தமே இரண்டு லிட்டர் ஆயில்தான். அதில் அரை லிட்டர் புதிதாக ஊற்றினால் தேய்மான எண்கள் எல்லாம் குறைந்து, தேய்ந்த என்ஜின்கூட நல்லபிள்ளையாகத் தெரியும்.

4. மாதிரி எடுக்கும் நாள்

200 மில்லி போதும். ஆனால் லேப் சொல்லும் அளவை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் பாயின்டுக்கு மட்டுமே கணிசமாகப் போய்விடும். பாட்டிலை லேபிலிருந்தே வாங்குவது நல்லது. கழுவிய தண்ணீர் பாட்டில், இருமல் மருந்து பாட்டில் இதெல்லாம் வேண்டாம்.

பைக்கை 15 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். நிறுத்தி ஐந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். ஆறவிட்டால் கனமான துகள்கள் அடியில் படிந்துவிடும். ட்ரெய்ன் போல்ட்டைச் சுற்றித் துணியால் நன்றாகத் துடையுங்கள், அங்கே ஒட்டியிருக்கும் மண் ஒரு துளி விழுந்தாலே சிலிக்கான் எண் பொய்யாகிவிடும். போல்ட்டைக் கழற்றியதும் முதலில் கொட்டுவதை விட்டுவிட்டு, நடுவில் வரும் ஓட்டத்தில் பாட்டிலைக் காட்டுங்கள். ஆயில் சூடாக இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு "கொஞ்சம் எடுத்து வையுங்கண்ணா" என்று சொன்னால், வடிதட்டிலிருந்து மொண்டு கொடுப்பார். அந்தத் தட்டில் காலையில் வடித்த நாலு வண்டி ஆயில் இருக்கும். பக்கத்தில் நின்று நீங்களே பிடியுங்கள்.

புது ஆயிலை ஊற்றும்போதே அதே கேனிலிருந்து 100 மில்லி எடுத்துத் தனி பாட்டிலில் மூடி வையுங்கள். நான் இதை மறந்துவிட்டு, பிறகு வேறு கேன் வாங்கித்தான் அனுப்பினேன்.

5. கூரியரில் அனுப்புவது

நேரில் கொடுக்க முடிந்தால் அதுதான் நிம்மதி. கூரியர் என்றால், திரவம் என்று சொன்னதுமே கவுன்டரில் தலையாட்டிவிடுவார்கள். என்ஜின் ஆயிலின் ஃபிளாஷ் பாயின்ட் 200 டிகிரிக்கு மேல், பெட்ரோல்போலச் சட்டென்று பற்றும் பொருள் அல்ல. அதைச் சொல்லிப் பயனில்லை, காகிதம்தான் பேசும். ஆயில் கம்பெனியின் பாதுகாப்புத் தகவல் தாளை இறக்கி ஒரு பிரதி எடுத்துச் செல்லுங்கள். கூடவே லேபின் கொட்டேஷனையும் காட்டுங்கள். விமானத்தில் அல்லாமல் தரைவழி என்று கேளுங்கள். மூடியை டேப் சுற்றி, இரண்டு பாலிதீன் பைக்குள் போட்டு, பழைய துணி அடைத்து அட்டைப்பெட்டியில் வையுங்கள். எனக்கு 140 ரூபாய் ஆனது. இரண்டு நாளில் சென்னை போய்ச் சேர்ந்தது. ரிப்போர்ட் வர ஏழு வேலை நாள்.

6. ரிப்போர்ட் வந்ததும் சேர்மானங்களிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் இரும்பைத்தான் முதலில் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான். அதற்கு முன்னால், டெஸ்ட் செய்தது உங்கள் ஆயில்தானா என்று பாருங்கள். கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ், மாலிப்டினம், போரான் ஆகியவை ஆயிலோடு வருபவை. புது ஆயிலில் உள்ள எண்ணுக்கு அருகில் இவை இருக்க வேண்டும். கால்சியம் பாதிதான் இருக்கிறது, மக்னீசியம் புதிதாக முளைத்திருக்கிறது என்றால், உங்கள் ஆயில் என்று ஊற்றியது வேறு ஆயில். அல்லது மாதிரி மாறிவிட்டது.

துத்தநாகமும் பாஸ்பரஸும் தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானத்தின் கூறுகள். ஈரக் கிளட்ச் (ஆயிலில் நனைந்தபடி இயங்கும் கிளட்ச்) உள்ள பைக்குகளுக்கான ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரத்தில் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 சதவீதம் இருக்க வேண்டும், அதாவது 800 முதல் 1,200 பிபிஎம். டப்பாவில் எம்ஏ2 (எம்ஏ தரத்தின் ஒரு பிரிவு) என்று போட்டிருந்து பாஸ்பரஸ் 400 வந்தால், கேனையே சந்தேகப்படுங்கள்.

தனிமங்களின் குறியீடுகளில் தடுமாற வேண்டாம். பிபி என்றால் ஈயம், எஸ்என் என்றால் வெள்ளீயம், என்ஏ சோடியம், கே பொட்டாசியம், சியூ செம்பு. பிடிஎல் என்றோ 1-க்குக் கீழே என்றோ இருந்தால், கருவி காணும் அளவுக்குக்கூட இல்லை என்று பொருள். நல்ல செய்திதான்.

7. தேய்மான உலோகங்கள்: முதலில் கிலோமீட்டரால் வகுங்கள்

41 பிபிஎம் இரும்பு அதிகமா குறைவா என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. 500 கிலோமீட்டரில் 41 என்றால் ஆபத்து. 6,000-ல் 41 என்றால் இனிப்பு வாங்கிக் கொடுக்கலாம். அதனால் ஒவ்வொரு எண்ணையும் 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மாற்றுங்கள். என் ஆயில் 3,100 ஓடியிருந்தது, ஆக இரும்பு ஆயிரத்துக்கு 13.2.

அடுத்த பொறி, இணையத்தில் கிடைக்கும் கார் அட்டவணைகள். காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், நான்கு லிட்டர் சம்ப் (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி). நம் பைக்கில் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் அதே இரண்டு லிட்டரில் குளிக்கின்றன. கியர் பற்கள் தேய்வதும் அந்த இரும்புக் கணக்கில்தான் வரும். கார் எண்ணோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு பைக்கும் சாகக் கிடப்பதாகத்தான் தெரியும். லேப் தரும் "எல்லை" என்ற பத்தியையும் நம்பாதீர்கள். பல நேரம் அது டீசல் ஜெனரேட்டருக்கு வைத்த எல்லையாக இருக்கும். யாருக்கான எல்லை என்று போன் செய்து கேட்டால் சொல்வார்கள்.

எது எங்கிருந்து வருகிறது? இரும்பு: சிலிண்டர் லைனர், கேம், ராக்கர், கியர், செயின். அலுமினியம்: பிஸ்டன், ஹெட், கிளட்ச் கூடை. குரோமியம் பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கிலிருந்து. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்து ஏறினால் வெண்கல புஷ். ஈயம் பழைய பாணி ஷெல் பேரிங்குகளில் (உருளை இல்லாமல் வழவழப்பான உறை மட்டும் உள்ளவை) வரும். உங்கள் கிராங்கில் ரோலர் பேரிங் இருந்தால் ஈயம் கிட்டத்தட்ட பூஜ்யமாகத்தான் இருக்கும், பல புதிய பேரிங்குகளிலும் ஈயமே கிடையாது. நிக்கல் பூச்சு போட்ட சிலிண்டர் என்றால் நிக்கலையும் கவனியுங்கள்.

சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறுவது கூலன்ட் கசிவின் அடையாளம். ஆனால் சில ஆயில்களில் சோடியம் சேர்மானமாகவே இருக்கும், அதனால் புது ஆயிலின் எண்ணைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள். என்னைப்போல ஏர் கூல்டு வண்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. கூலன்ட் இருந்தால்தானே கசிய!

8. சிலிக்கான்: நான் ஏமாந்த இடம்

சிலிக்கான் மூன்று வழியில் வரும். நுரை வராமல் இருக்க ஆயிலிலேயே கொஞ்சம் சேர்ப்பார்கள், சில பிபிஎம்தான். சாம்பல் நிற கேஸ்கெட் பேஸ்ட்டிலிருந்து கரைந்து வரும். இரண்டுமே என்ஜினைத் தேய்க்காது. மூன்றாவது மண் தூசி. அது மணல் காகிதம் போட்டுத் தேய்த்ததுபோல ரிங்கையும் சிலிண்டரையும் தின்னும்.

எனக்கு 29 வந்திருந்தது, புது ஆயிலில் 4. நான்கு மாதம் முன்பு சைடு கவரைத் திறந்து பேஸ்ட் போட்டிருந்தார்கள். சரி, பேஸ்ட்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது தப்பு. சிலிக்கானைத் தனியாகப் பார்க்கவே கூடாது. பேஸ்ட்டாக இருந்தால் சிலிக்கான் மட்டும் ஏறும், மற்றவை தம் இடத்தில் இருக்கும். தூசியாக இருந்தால் கூடவே அலுமினியம் ஏறும், ஏனென்றால் மண்ணிலேயே அலுமினியம் இருக்கிறது. தூசி தேய்ப்பதால் இரும்பும் குரோமியமும் பின்னாலேயே வரும். என் ரிப்போர்ட்டில் அலுமினியம் 13, குரோமியம் 3. கூட்டாகத்தான் வந்திருந்தன, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

மெக்கானிக் சொன்னதும் முழுத் தவறு இல்லை. சிலிண்டர் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் காரணத்தை விட்டுவிட்டு போரை மாற்றியிருந்தால், புதுப் போரும் அதே தூசியைத்தான் தின்றிருக்கும்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அப்புறம் கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் பாடி பக்கம் போகும் குழாயில் விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் மண் ஒட்டினால் தூசி வடிகட்டப்படாமல் உள்ளே போகிறது. என் விரலில் பொள்ளாச்சிச் செம்மண் ஒட்டியது. மூடியின் ரப்பர் பீடிங் மடிந்து உட்கார்ந்திருந்தது. மாற்றினேன். அடுத்த ஆயிலில், 2,900 கிலோமீட்டரில், இரும்பு 22, அலுமினியம் 6, குரோமியம் 1, சிலிக்கான் 9.

9. விஸ்காசிட்டி குறைந்தால் காரணம் இரண்டில் ஒன்று

ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ கணக்கில், 100 டிகிரியில் விஸ்காசிட்டி 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் (அதை அளக்கும் அலகு) இருந்தால் 40 கிரேடு, 16.3 முதல் 21.9-க்குள் என்றால் 50. என் 20டபிள்யூ-50 புதிதில் 18.2. ஓடியபின் 14.6, அதாவது 40 ஆகிவிட்டது. பைக்கில் இது பெரிய அதிசயம் இல்லை. மல்டிகிரேடு ஆயிலைக் கெட்டியாக வைத்திருக்கும் நீண்ட பாலிமர் இழைகளைக் கியர் பற்கள் வெட்டி எறிகின்றன.

ஆனால் பெட்ரோல் கலந்தாலும் விஸ்காசிட்டி இறங்கும். எது என்று ஃபிளாஷ் பாயின்ட் சொல்லிவிடும். விஸ்காசிட்டி இறங்கி ஃபிளாஷ் பாயின்ட் அதிகம் மாறாமல் இருந்தால் கியர் வெட்டியது. எனக்கு 236-லிருந்து 226, அவ்வளவுதான். ஃபிளாஷ் பாயின்டும் சேர்ந்து பொத்தென்று விழுந்திருந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறது. கார்புரேட்டர் ஃப்ளோட் ஊசி கசிகிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, கடைத்தெருவுக்கு மட்டுமே ஓட்டி என்ஜின் சூடாகாமலே நிறுத்துகிறீர்களா என்று பாருங்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே பாதி விடை கிடைக்கும்.

விஸ்காசிட்டி ஏறியிருந்தால் அது வேறு கதை. ஆயில் வெந்து ஆக்ஸிஜனேற்றம் ஆகியிருக்கிறது. அதை மாற்றுவதற்கு மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

10. டிபிஎன்: எந்த முறை என்று பாருங்கள்

எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலத்தைச் சமாளிக்க ஆயிலில் மிச்சமிருக்கும் சக்திதான் டிபிஎன். இதை அளக்க இரண்டு முறைகள் பழக்கத்தில் உள்ளன, ஏஎஸ்டிஎம் டி 2896, டி 4739. ஒரே ஆயிலுக்கு முதல் முறை கூடுதல் எண் காட்டும். டேட்டா ஷீட்டில் ஒன்றும் ரிப்போர்ட்டில் மற்றதும் இருந்தால், ஆயில் ஒரே மாதத்தில் செத்துவிட்டதுபோலத் தெரியும். இரண்டும் ஒன்றா என்று சரிபார்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

புது ஆயிலின் எண்ணில் பாதிக்குக் கீழே போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று நான் வைத்துக்கொள்கிறேன். 2020 ஏப்ரலிலிருந்து வரும் பிஎஸ்6 பெட்ரோலில் கந்தகம் 10 பிபிஎம்தான் உச்சம் என்பதால், இது முன்புபோல வேகமாக இறங்குவதில்லை. என் ஆயிலில் 7.8 இருந்தது 3,100-ல் 5.6.

11. ரிப்போர்ட் காட்டாதது

இந்தத் தனிமச் சோதனைக்கு 5 முதல் 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் கண்ணிலேயே படாது. கியர் பல் உடைந்து சம்பில் கிடந்தாலும் ரிப்போர்ட் அழகாக இருக்கும். அதனால் பழைய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். காந்தம் உள்ள ட்ரெய்ன் போல்ட் என்றால் அதன் முனையையும் பாருங்கள். மை போன்ற சாம்பல் குழம்பு இருந்தால் கவலையில்லை. செதிலோ ஊசிபோன்ற துண்டோ இருந்தால், ரிப்போர்ட் என்ன சொன்னாலும் என்ஜினைத் திறக்க வேண்டியதுதான்.

12. அடுத்த டெஸ்ட் எப்போது?

அதே லேப், அதே ஆயில், அதே முறையில் எடுத்த மாதிரி. இதில் ஒன்று மாறினாலும் ஒப்பீடு கெட்டுவிடும். ஒரு நோட்டில் 1,000 கிலோமீட்டருக்கான எண்களை வரிசையாக எழுதுங்கள். மூன்று டெஸ்ட் ஆனதும், உங்கள் வண்டிக்கு எது இயல்பு என்று அதுவே சொல்லும். அதன்பிறகு வருடம் ஒருமுறை போதும்.

என் மூன்றாவது டெஸ்ட் 4,800 கிலோமீட்டரில். இரும்பு 36, ஆயிரத்துக்கு 7.5. அதற்கு முந்தைய டெஸ்டில் 7.6. ஆயில் பழசானதால் தேய்மானம் கூடவில்லை. டிபிஎன் 4.4. விஸ்காசிட்டி 14.1. ஆக, இப்போது 4,500-ல் மாற்றுகிறேன். மேனுவல் சொல்லும் 5,000-க்குக் கொஞ்சம் முன்னால். அந்த 500 என் பயத்துக்கு விட்டது. டெஸ்டுகளுக்குச் செலவழித்த பதினைந்தாயிரத்துச் சொச்சத்தை ஆயில் மிச்சத்தில் மட்டும் திரும்ப எடுக்க வருஷக்கணக்காகும். போரைக் காப்பாற்றியதால்தான் கணக்கு ஏதோ சரிக்கட்டியது.

வடித்த மீதி ஆயிலை மூடிய கேனில் மெக்கானிக் கடை பீப்பாயில் சேர்த்துவிடுங்கள், மறுசுழற்சிக்கு எடுத்துப் போவார்களா என்று கேட்டுக்கொண்டு. என் அப்பா அதைக் கரையானுக்கு என்று வாசல் நிலையில் பூசக் கேட்டார். 41 பிபிஎம் இரும்பு இருக்கிறது என்றேன். "இருந்தா மரத்துக்கு நல்லதுதானே" என்றார். கொடுக்கவில்லை.